சின்னப் பிள்ளைகளோடு ஒரு நினைவுநாள்: யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் முன்பள்ளிக்குமான கைவேலை வழிகாட்டி

போரில் இறந்தவர்களை நினைக்கும் மே மாதம் பிறந்தாலே முன்பள்ளிப் பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ரீச்சர், இந்தச் சின்னதுகளுக்கு என்னத்தைச் சொல்லுறது?" ஒன்றும் சொல்லாமல் விடலாம் என்றால் அதுவும் நடக்காது. வீட்டில் விளக்கேற்றுகிறார்கள், அம்மம்மா அழுகிறார், சந்தியில் கஞ்சி கொடுக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தானாகவே ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்ளும்.

நான் இதைத் தொடங்கியபோது கேட்டறிய ஆள் இல்லை. பெற்றோரின் பயம், நிர்வாகத்தின் தயக்கம், படம் இல்லாத வீடுகள், மழையில் காயாத பசை என்று ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டித்தான் ஓர் ஒழுங்குக்கு வந்தேன். நீங்களும் அந்தப் பாடு படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. வீட்டில் ஒரு பிள்ளையோடு செய்பவர்கள் 5ஆம் படியைத் தாண்டிப் போகலாம்.

பிரித்தானியாவில் நவம்பர் 11ஐ ஒட்டிச் சின்னப் பிள்ளைகள் சிவப்புக் கடதாசியில் பொப்பிப் பூச் செய்வார்கள். அங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளும் செய்கிறார்கள். அந்தப் பூவைச் செய்யும் மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலாம் உலகப்போர் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. செத்துப்போன ஆட்களை நினைக்கிறதற்கு ஒரு பூச் செய்தேன் என்பது மட்டும் தெரியும். இந்த வயதுக்கு அது போதும். எங்கள் பிள்ளைகளுக்கும் அவ்வளவே போதும்.

1. போரைப் பற்றி வேண்டாம், ஓர் ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்

மூன்று வயதுப் பிள்ளைக்குப் போர் என்ற சொல் வெறும் சத்தம். "அப்பாவின்ர அப்பா" என்றால் விளங்கும். ஆகவே முதல் வேலை, யாரை நினைக்கப்போகிறோம் என்று முடிவெடுப்பது. ஒரே ஓர் ஆள். அவர் எப்படிச் செத்தார் என்பதை விட அவர் எப்படி இருந்தார் என்பதில் இரண்டு மூன்று விஷயங்கள் எடுத்து வையுங்கள். சைக்கிள் பாரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவார், கோழிக்குத் தீன் போடும்போது பாட்டுப் பாடுவார், தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போடுவார் என்பது போல. பிள்ளை பிடித்துக்கொள்வது இதைத்தான். தேத்தண்ணிச் சீனியைப் பற்றி அடுத்த நாளும் வந்து கேட்கும்.

சாவைப் பற்றி ஒரு வசனம் போதும்: "சண்டை நடந்த காலத்தில ஷெல் விழுந்து செத்துப்போனார்." எண்ணிக்கை வேண்டாம், இரத்தம் வேண்டாம், கைபேசியில் இருக்கும் அந்தக் காலத்துக் காணொளிகள் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் யாரையும் இழக்காத குடும்பங்களும் உண்டு. அவர்கள் விட்டு வந்த வீட்டையோ, கிணற்றடி மாமரத்தையோ, இடம்பெயரும்போது கட்டையில் கட்டியபடி விட்டுவிட்டு வந்த மாட்டையோ நினைக்கலாம். முன்பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய அப்பாவின் அப்பா, உம்மம்மா நினைவிலும் 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றியபோது விட்டுப் போன யாழ்ப்பாணத்து வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டையும் அதே மேசையில் வைத்துச் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2. வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுக் கடந்தால் பிறகு சரிக்கட்ட முடியாது. எங்கள் ஊர்களில் செத்தவர்களும் இருக்கிறார்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே விஷயம் இல்லை. போர் முடிந்தபோது வட்டுவாகலில் இராணுவத்திடம் கையில் பிடித்துக் கொடுத்த மகன் இன்னும் வருவான் என்று இருக்கிற ஒரு தாயின் முன்னால், பேரப்பிள்ளை அவன் படத்துக்குக் கடதாசி மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றால் அந்த மனுசி என்ன செய்வார்? மாலையும் பொட்டும் விளக்கும் எங்கள் ஆட்களுக்குச் செத்தவருக்கான அடையாளம்.

அதனால் பெற்றோரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அம்மம்மா, அப்பப்பா யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களிடமும் கேளுங்கள்: படம் வைக்கலாமா, விளக்கு வைக்கலாமா, பிள்ளை அவரை என்ன சொல்லிக் கூப்பிடவேண்டும்? காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் நான் மாலை, விளக்கு இரண்டையும் விட்டுவிட்டு அவருக்கு ஒரு கடிதம் போடுகிற மாதிரிச் செய்விப்பேன். பிள்ளை கடதாசியில் கையைப் பதித்து, கீழே அம்மா "மாமாவுக்கு" என்று எழுதி, உறையில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்வார்கள். "மாமா எங்கே எண்டு தெரியாது, நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறம்" என்று பிள்ளைக்குச் சொல்லலாம். அது உண்மையும்கூட.

3. நாளைக் குறியுங்கள்

பொதுவான நாள்கள் தெரிந்தவைதான். மே 18 முள்ளிவாய்க்கால், 2009இல் போர் முடிந்த இடமும் நாளும். ஜூன் 1 யாழ்ப்பாண நூலகம், 1981இல் எரிந்தது. ஜூலை 9 நவாலித் தேவாலயத்திலும் செப்டெம்பர் 22 நாகர்கோவில் பாடசாலையிலும் விமானக் குண்டு விழுந்த நாள்கள், ஒக்டோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வு, மூன்றும் 1995. ஊருக்கு ஊர் இதைவிட வேறு நாள்களும் இருக்கும். நான் பொதுநாளை விட வீட்டு நாளையே விரும்புவேன். ஆனால் முன்பள்ளியில் இருபது பிள்ளைக்கு இருபது நாள் வைக்க முடியாது என்பதால் மே மாத நடுப்பகுதியை எடுத்துக்கொள்கிறோம். கடைசி நாள்களில் செத்தவர்களின் சரியான தேதி தெரியாத குடும்பங்கள் பல அந்தப் பதினெட்டாம் தேதியையே வைத்துக்கொள்கின்றன.

வீட்டு நாள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். திதி பார்த்துத் திவசம் செய்யும் வீட்டில் நாள் ஆண்டுக்காண்டு மாறும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வேளை ஒரு நாள் வித்தியாசப்படும். ஐயரிடம் கேட்டு முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தகப்பனை நினைக்கும் ஆடி அமாவாசை, தாயை நினைக்கும் சித்திரா பௌர்ணமி, கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர் 2, இவையும் நல்ல நாள்கள்தான். வீட்டில் ஏற்கெனவே விரதம், சமையல் என்று நடக்கும். பிள்ளையின் கைவேலையும் அதோடு சேர்ந்துவிடும்.

நேரம்: காலை ஒன்பதரை, சாப்பாடு முடிந்த பிறகு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பின்னேரம் வேண்டாம், பிள்ளைகள் களைத்துச் சினந்துகொண்டிருப்பார்கள்.

காலநிலையையும் கணக்கில் எடுங்கள். மே மாதம் சோளகக் காற்று தொடங்கிவிடும், திறந்த விறாந்தையில் கடதாசி எல்லாம் பறக்கும், உள்ளே இருத்திச் செய்யுங்கள். நவம்பர் மழையில் பசையும் களிமண்ணும் லேசில் காயாது, நாளுக்கு ஒரு கிழமை முந்தியே செய்து முடித்துவிடுங்கள்.

4. படம் தேடுவது

அதிக நாள் எடுக்கிற வேலை இது. மூன்று கிழமையாவது ஒதுக்குங்கள். எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களை எல்லாம் விட்டுவிட்டன. தேடவேண்டிய இடங்களை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலர் உறவுக்காரர் யார் வீட்டிலாவது, சாமியறைத் தட்டில் தேவாரப் புத்தகங்களோடு கிடக்கும். அடுத்தது வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் கலியாண அல்பம். பந்தியில் பின்வரிசையில் நிற்கும் ஒரு முகம் போதும், இப்போதைய ஸ்ரூடியோக்களில் அதைப் பெருப்பித்துத் தருவார்கள். பிறகு பழைய அடையாள அட்டைப் பிரதி, சாரதி அனுமதிப்பத்திரம், பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல்.

மூலப் படத்தை ஒருபோதும் பிள்ளையின் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். பிரதி எடுத்து, அதை லாமினேட் செய்து கொடுங்கள். பசைக் கையால் தொட்டாலும் துடைக்கலாம். முன்பள்ளிக்குப் பெற்றோர் மூலப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினால், அவர்கள் நிற்கும்போதே கைபேசியில் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு படம்தான் அவர்களிடம் மிச்சம் இருக்கும்.

சீருடையோடு உள்ள படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்ரூடியோவில் முகத்தை மட்டும் எடுத்து, சேட் போட்ட உடம்போடு பொருத்தித் தருவார்கள். முன்பள்ளிக்கு வரும் படம் கட்டாயம் அப்படித்தான் இருக்கவேண்டும். காரணம் அடுத்த படியில்.

படமே இல்லையா? பரவாயில்லை. மூக்குக்கண்ணாடி, சைக்கிள், பாக்குவெட்டி, தையல் மெசின் என்று அவரோடு சேர்ந்த ஒரு பொருளை அம்மா வெட்டிக் கொடுக்க, பிள்ளை நிறம் தீட்டட்டும். பாக்குவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "இது அம்மம்மான்ர அம்மா" என்று சொன்ன பிள்ளையை எனக்குத் தெரியும். அவளுக்கு அது சரியாகத்தான் விளங்கியிருந்தது.

5. முன்பள்ளியில் செய்வதானால்: கடிதமும் அனுமதியும்

வாய்ப்பேச்சை நம்பி இறங்காதீர்கள். குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் ஒரு பக்கக் கடிதம் வீட்டுக்கு அனுப்புங்கள். அதில் என்ன செய்யப்போகிறோம், என்ன சொல்லப்போகிறோம் (சொல்லப்போகும் வசனங்களையே எழுதுங்கள்), யாரை நினைப்பது என்று பெற்றோர் நிரப்ப ஓர் இடம், அவர் செத்தவரா காணாமல் ஆக்கப்பட்டவரா என்பதற்கு ஓர் இடம், கஞ்சி குடிக்கலாமா, ஒவ்வாமை உண்டா, படம் எடுக்கலாமா, கீழே கையொப்பம். இதன் பிரதி ஒன்றை முன்பள்ளியை நடத்தும் சனசமூக நிலையத்துக்கோ ஆலய நிர்வாகத்துக்கோ கொடுத்து, தலைவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கோட்டக் கல்வி அலுவலகத்தில் முன்பள்ளிகளைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கும் தகவல் கொடுத்து வைப்பது நல்லது. எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். யாராவது வந்து கேட்டால் கோப்பை எடுத்து முன்னால் வைக்கலாம். இதற்குக் காசு செலவில்லை, பிரதி எடுக்கிற செலவு மட்டும்.

கையொப்பம் வைக்காத பெற்றோர் இருப்பார்கள். பயம் அவர்களுக்கு. அது நியாயமான பயம். வற்புறுத்தாதீர்கள், ஏன் என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையைத் தனியாக மூலையில் இருத்தவும் வேண்டாம். மற்றப் பிள்ளைகள் செய்யும் அதே போத்தல் விளக்கை (7ஆம் படி) அதே நிறத்தில் அதுவும் செய்யட்டும், பெயரும் படமும் இல்லாமல்.

சட்டப் பக்கம்: விடுதலைப் புலிகள் அமைப்பு இலங்கையில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. அதன் சின்னம், கொடி, தலைவர்களின் படம், சீருடைப் படம் எதுவும் முன்பள்ளி மேசையில் இருக்கக்கூடாது. சமூக ஊடகப் பதிவுக்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்கள் உண்டு. 2024 மே மாதம் திருகோணமலைச் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகவே சிலர் கைதானார்கள். சில ஆண்டுகளில் மே, நவம்பர் (மாவீரர் நாள்) நினைவுகூரலுக்குப் பொலிஸார் நீதிமன்றத் தடையுத்தரவும் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கிழமைப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு நாளை உறுதிசெய்யுங்கள். இறந்த உறவை நினைப்பது எங்கள் உரிமை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தி அந்த உரிமையைக் கேட்கக்கூடாது. அது பெரியவர்கள் கேட்கவேண்டியது.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை முகநூலில் போடாதீர்கள். கையும் போத்தலும் மட்டும் எடுத்தால் போதும்.

6. சாமான்களும் செலவும்

எனக்குக் கடைசி முறை ஒரு பிள்ளைக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, படப் பிரதியோடு. அதில் பாதிக்கு மேல் போத்தலுக்குள் வைக்கும் மின்கல விளக்குக்குத்தான். வீட்டில் ஒரு பிள்ளையோடு செய்தால் பசை, தூரிகை எல்லாம் புதிதாக வாங்கவேண்டி வரும் என்பதால் கொஞ்சம் கூடும்.

ஜாம் போத்தல்களை இரண்டு மாதத்துக்கு முன்பே சேர்க்கத் தொடங்குங்கள். டிசுக் கடதாசி, அதுதான் பட்டம் கட்டுகிற மெல்லிய கடதாசி, தைப்பொங்கல் பட்டக் காலத்தில் எல்லாக் கடையிலும் எல்லா நிறத்திலும் கிடைக்கும். மே மாதம் தேடினால் நிறம் கிடைக்காது. ஆகவே ஜனவரியிலேயே வாங்கிச் சுருட்டி வையுங்கள். பைண்டர் கம் ஒரு போத்தல் பத்துப் பிள்ளைக்குக் காணும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கவேண்டும். மின்கல விளக்குகள் நவீன சந்தைப் பக்கத்து அன்பளிப்புப் பொருள் கடைகளில் கிடைக்கும்.

இந்த விளக்குகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. உள்ளே இருப்பது பொத்தான் மாதிரியான சின்ன மின்கலம். பிள்ளை விழுங்கினால் தொண்டையையும் உணவுக்குழாயையும் சில மணித்தியாலத்துக்குள் அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. மூடி திருகாணி போட்டு இறுக்கியதாகப் பார்த்து வாங்குங்கள், அதற்கு மேலும் ஒட்டுநாடா சுற்றுங்கள், வகுப்பு முடிந்ததும் எண்ணி எடுங்கள். விழுங்கியது போலச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை.

7. ஜாம் போத்தல் விளக்கு

எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் கொஞ்ச எண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரி வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறையே படித்தது. பிள்ளைக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கோ வாய் திறக்கும். ஒரு தாத்தா எங்கள் முன்பள்ளிக்கு வந்து, போத்தலின் அடியில் சுண்டுவிரலைக் கிடையாக வைத்து "இவ்வளவுதான் விடுவம், இதுக்கு மேல இல்லை" என்று காட்டினார். பிள்ளைகள் எல்லாம் தங்கள் சுண்டுவிரலைப் போத்தலில் வைத்துப் பார்த்தார்கள். அவருடைய அண்ணன் அந்த வெளிச்சத்தில் படித்தவர், பிறகு உயிரோடு இல்லை. அதை அவர் இரண்டு வசனத்தில் சொன்னார், பிள்ளைகள் கேட்டார்கள், பிறகு பசைக்குப் போய்விட்டார்கள். நடக்கவேண்டியது இவ்வளவுதான்.

செய்முறை: முதல் நாள் இரவு போத்தலை வெந்நீரில் ஊறவிட்டால் லேபல் கழன்றுவிடும். பிசின் ஒட்டியிருந்தால் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் மிஞ்சினால் கடதாசி ஒட்டாது. வாய் விளிம்பில் உடைவு இருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.

கடதாசியைப் பிள்ளையே கையால் கிழிக்கட்டும். கத்தரிக்கோல் வேண்டாம். சின்னப் பிள்ளைக்குக் கிழிப்பதுதான் விருப்பமான பகுதி, பாதி நேரம் அதிலேயே போகும். போகட்டும். மஞ்சளும் செம்மஞ்சளும் போதும், நிறம் கூடினால் வெளிச்சம் மங்கும். போத்தலுக்கு வெளியே தூரிகையால் பசை பூசி, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற ஒட்டி, மேலே இன்னொரு தடவை பசை பூசுங்கள். ஈரத்தில் நிறம் கையில் இறங்கும், பழைய சேட் ஒன்றை முன்னால் மாட்டிவிடுங்கள். மே வெயிலில் இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். மாரியில் ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே வைக்கவேண்டும்.

காய்ந்த பிறகு விளக்கை உள்ளே வைத்து, படத்தைப் பக்கத்தில் வைத்து, பிள்ளை அந்த ஆளின் பெயரைச் சொல்லட்டும். உண்மையான தீ வேண்டாம், எவ்வளவு கவனமாக இருந்தாலும் வேண்டாம். காய்ந்த கடதாசி ஒட்டிய போத்தல் அது.

8. சிரட்டைக் கஞ்சி

மே 18க்கு இது. அரிசி, தண்ணீர், உப்பு. அவ்வளவுதான், பாலும் பயறும் சேர்த்து ருசியாக்காதீர்கள். ஒரு பங்கு அரிசிக்கு எட்டுப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டுக் குழையக் காய்ச்சுங்கள். பிள்ளைக்குக் கைமணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடு தெரியாவிட்டால் மட்டும் கொடுங்கள்.

பிள்ளையின் கைவேலை சிரட்டையில் இருக்கிறது. கண் இல்லாத பாதியைத் தேர்ந்தெடுங்கள், கண் உள்ள பாதி ஒழுகும். தும்பைப் பெரியவர்கள் கத்தியால் சுரண்டிவிட்டு, மிச்சத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்க்கப் பிள்ளையிடம் கொடுங்கள். தேய்ந்து தேய்ந்து கரும்பழுப்பு மினுங்கத் தொடங்கும்போது அவர்கள் விடமாட்டார்கள். வெந்நீரில் அவித்து எடுத்துப் பிறகு பயன்படுத்துங்கள். வெளிப்பக்கத்தில் நிறம் பூசவேண்டாம், வாயில் படும்.

சொல்ல வேண்டியது: "சண்டை நேரம் சாப்பாடு இல்லை. இதைத்தான் எல்லாரும் பகிர்ந்து குடிச்சவை." குடிக்க மறுக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

9. இன்னும் சில, தவிர்க்கவேண்டியவையும்

ஒக்டோபர் 30க்குப் பனங்கொட்டை நல்லது. பனம்பழக் காலம் முடிந்து பாத்தி போடும் நேரம் அது. பதுங்குகுழிக்காக எத்தனை பனை தறிக்கப்பட்டது என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளை கொட்டையைக் கழுவி, தும்பை வாரி, மணலில் புதைக்கட்டும். தை, மாசியில் கிழங்கு கிண்டும்போது திரும்ப அந்தக் கதை வரும். இடமில்லாத வீட்டில் ஓர் உரப்பை மணல் போதும், ஆனால் ஆழமாக நிரப்புங்கள்.

ஜூன் 1க்கு நான்கு தாளை மடித்துத் தைத்து ஒரு சின்னப் புத்தகம். எரிந்ததைப் பற்றி நாலு வயதுக்குக் கீழ் சொல்லாதீர்கள், "கன புத்தகம் இல்லாமல் போச்சு, நாங்கள் ஒண்டு செய்வம்" என்றால் காணும். முடிந்தால் அதே கிழமை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூட்டை கட்டும் விளையாட்டைச் சிலர் செய்கிறார்கள், "வீட்டை விட்டு ஓடினால் என்ன எடுப்பாய்" என்று. ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம். அன்றிரவே வீட்டை விட்டு ஓடப்போகிறோம் என்று நினைத்து அழும். பதுங்குகுழி கட்டி விளையாடுவது, கிபிர் போர்விமானச் சத்தம் போட்டுக் காட்டுவது, சுடுவது போல நடிப்பது எல்லாமும் அப்படியே.

உண்மையான கார்த்திகைப் பூவைக் கொண்டுவராதீர்கள். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு இன்னும் மோசம். புலிகள் தங்கள் தேசிய மலராக்கிய அந்தப் பூவை அலங்காரத்தில் வைத்ததற்காகப் பாடசாலை மாணவர்களைப் பொலிஸார் விசாரித்ததும் நடந்திருக்கிறது. அலரியும் நஞ்சுதான், பூசைத் தட்டில் இருக்கிறதே என்று பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். செவ்வரத்தை, மல்லிகை போதும்.

ஷெல் துண்டு, வெற்றுத் தோட்டா என்று காட்சிக்குச் சேர்க்கவே வேண்டாம். மண்ணில் கிடக்கும் இரும்பை எடுப்பது நல்ல வேலை என்று பிள்ளை படித்துக்கொள்ளும். வடக்கில் இன்னும் கண்ணிவெடி அகற்றி முடியவில்லை.

போட்டி வைக்காதீர்கள். முதலாம் இடம், இரண்டாம் இடம், பரிசு, பேச்சு, மேடை எதுவும் வேண்டாம். எங்கள் ஊரில் எதையும் போட்டியாக்கிவிடுகிற பழக்கம் இருக்கிறது. தன் மாமாவின் விளக்குக்குப் பரிசு கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது.

10. கேள்விகள் வரும்போது

செத்தால் என்ன என்று கேட்டால்: "உடம்பு வேலை செய்யாது. மூச்சு விடமாட்டார், சாப்பிடமாட்டார், அவருக்கு நோகாது. திரும்பி வரமாட்டார்." நித்திரை கொள்ளுகிறார் என்று சொல்லாதீர்கள். பிள்ளை அன்றிரவு நித்திரைக்குப் பயப்படும். தூரத்துக்குப் போயிருக்கிறார் என்றும் வேண்டாம், அப்பா கொழும்புக்குப் பஸ் ஏறும்போது அது நினைவு வரும். "சாமியிட்ட இருக்கிறார்" என்று வீட்டில் சொல்வது வழக்கம் என்றால், மேலே உள்ளதைச் சொல்லிவிட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யார் செய்தது என்று கேட்டால்: "பெரிய ஆக்கள் சண்டை பிடிச்சவை. கன பேர் செத்தவை. இப்ப அந்தச் சண்டை இல்லை." இந்த வயதில் அதற்கு மேல் போகாதீர்கள். வீதியில் ஆமிக்காரரைத் தினமும் பார்க்கும் பிள்ளை அது, பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பவர்களில் எல்லாத் தரப்பு வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். மிச்சத்தைக் கேட்டு விளங்கும் வயது வரும்போது ஒளிக்காமல் சொல்லலாம்.

"அம்மாவும் சாவாவோ?" இது கட்டாயம் வரும். "அம்மா கன காலம் இருப்பன். இப்ப உன்னோடதான் இருக்கிறன்." அடுத்த நாளும் அதே கேள்வி வரும், அதே பதிலையே சொல்லுங்கள். சாவு நிரந்தரம் என்பது இந்த வயதில் முழுக்க விளங்காது, அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

பெரியவர் யாராவது அழுதால் பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். "அம்மம்மாவுக்கு அம்மப்பாவை நினைச்சு அழுகை வருது. உன்னில கோவம் இல்லை" என்றால் போதும். பிள்ளை போய் மடியில் இருக்கும், அல்லது பந்து விளையாடப் போய்விடும். இரண்டும் சரிதான். பாதியில் எழுந்து ஓடினால் மரியாதை இல்லை என்று ஏசவேண்டாம்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையாக நித்திரையில் அலறுவது, விட்டிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, சாப்பிடாமல் இருப்பது என்று கண்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் சரியான இடத்துக்கு அனுப்புவார். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். கடதாசி கிழிக்கும் மேசையில் இருந்து எழுந்து போய்விட்ட தாய்மார் இருக்கிறார்கள், அவர்களைத் தனியாக விடாதீர்கள்.

11. முடிந்த பிறகு

செய்ததை அன்றே வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், முன்பள்ளிச் சுவரில் மாதக்கணக்கில் தொங்கவிடவேண்டாம். போத்தலின் அடியில் பிள்ளையின் பெயர், வயது, ஆண்டு, யாருக்காகச் செய்தது என்பதை அழியாத பேனாவால் எழுதுங்கள். மின்கலத்தைக் கழற்றித் தனியாக, உயரத்தில் வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து விளக்குப் பழுதாகும். படப் பிரதி இன்னொன்று எடுத்து வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைத்தால் அடுத்த முறை தேடத் தேவையில்லை. கோப்பில் உள்ள கடிதங்களை எறியாதீர்கள். அடுத்த ஆண்டு அதே பிள்ளை வேறு ஆளைப் பற்றிக் கேட்கும், அப்போது வீட்டுக்காரர் என்ன எழுதினார்கள் என்று பார்க்கவேண்டி வரும்.